கரைக்கு வராத புயல்

என் ரகுமத் மதினிக்கு, உன் செல்வி ஆசையோடு எழுதுவது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அங்கே உனக்குச் செய்தி சொல்ல யார் இருக்கிறார்களோ தெரியாது, நானே சொல்லிவிடுகிறேன். நம் பேண்டேஜ் கம்பெனியில் ரோல் சுற்ற மிஷின் வந்துவிட்டது. நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து கையும் வாயும் ஓயாமல் சுற்றிய மேஜையில் இப்போது டீ கிளாஸ் வைக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எஸ்.டி.டி. பூத் ஒன்றுக்கு இரண்டாக வந்துவிட்டது. டிவி செய்தியில் கடல்மேல் இருக்கும் மேகத்தைப் படமாகவே காட்டுகிறார்கள். நீ பார்த்திருந்தால், "எல்லாஞ் சரி, இதுல தோணி எங்கட்டி இருக்கு?" என்று கேட்டிருப்பாய்.

முக்கியமான செய்தி சாகுல் அண்ணனைப் பற்றியது. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த மாசி மாதப் புயலைப் பற்றி உன்னோடு கொஞ்சம் பேச வேண்டும். உன்னைத் தவிர இந்த இராஜபாளையத்தில் அது யாருக்கும் ஞாபகமில்லை.

உன் வீட்டுக்காரர் தூத்துக்குடித் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். பஞ்சு மில்லும் பேண்டேஜுமாக இருக்கிற ஊரில் கடலுக்குப் போகும் ஒரு மாப்பிள்ளை என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் வேடிக்கை. நான் அவரை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தேன், அதனால் நீ மதினி ஆனாய். அன்றிலிருந்து என்னைத் திட்டுகிற உரிமையையும் நீயே எடுத்துக்கொண்டாய்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். பொங்கல் முடிந்ததுமே கம்பெனித் தார்ப்பாய்களைச் சுருட்டிக் கல்யாணப் பந்தலுக்கு இரவல் கொடுத்துவிடுவது முதலாளியின் வழக்கம். மாசியில் மழைக்கு யார் பயப்படுவார்கள்? வெளுத்த துணியைக் களத்தில் விரித்தால் ஒரு பொழுதில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். அந்த வருஷம் அய்யனார் கோவில் மலைப்பக்கம் மூட்டம் போட்டு, துணி காயாமல் பிசுபிசுத்தது. முதலாளி வீட்டு டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து நம் மேஜையில் வைத்தார். இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு நிலை என்றது ரேடியோ.

"மாசியில என்னய்யா புயலு? வழி தெரியாம வந்துருச்சு போல" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அண்ணனின் தோணி கிளம்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாசி, பங்குனியில் கடல் குளம் மாதிரி இருக்கும் என்று நம்பித்தான் அவர்களும் போயிருந்தார்கள்.

தாழ்வு நிலை என்றவர்கள் மறுநாள் மண்டலம் என்றார்கள், அதற்கடுத்து புயல் என்றே சொல்லிவிட்டார்கள். இலங்கையின் காலடியைச் சுற்றிக்கொண்டு குமரிக்குத் தெற்கே வந்து, நகராமல் நின்றது. முதலாளி பந்தல்காரரிடம் ஆள் அனுப்பித் தார்ப்பாயைத் திருப்பிக் கேட்டார். நாங்கள் துணிக்குப் பயந்தோம். நீ சோற்றுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாய். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்பது உன் கண்ணிலேயே தெரிந்தது.

அப்புறம் அந்த மத்தியானம். "புயல் கரையைக் கடக்க வாய்ப்பில்லை" என்று ரேடியோவில் சொன்னார்கள். கம்பெனியே கலகலப்பாகிவிட்டது. முதலாளி எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிவரச் சொன்னார். களத்தில் துணியை மறுபடி விரிக்கப் பெண்கள் ஓடினார்கள். நானும் சந்தோஷமாக உனக்கு ஒரு டீயைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"கரைக்கு வரலன்னா, அது எங்க செல்வி இருக்கும்?" என்று கேட்டாய்.

டீயை உன் முன்னால் மேஜையில் வைத்தேன். எங்களுக்குத் தெரிந்த புயல் கரையில்தான் தொடங்கும், மதினி. ஓடு பறக்கும், மரம் விழும், அதுதான் புயல். வராத புயல் இல்லாத புயல். அதற்கும் ஒரு இடம் வேண்டும், அந்த இடத்தில் ஆள் இருப்பார்கள் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

அதைவிடக் கொடுமை அடுத்த நாள். வானிலை அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேப்பரிலும் இல்லை. கரைக்கு ஆபத்தில்லை என்றானதும் எல்லோரும் அதைக் கைவிட்டுவிட்டார்கள். முதலாளி டிரான்சிஸ்டரை வீட்டுக்கு எடுத்துப்போக வந்தபோது நீ அதன்மேல் கையை வைத்தாய். "இருக்கட்டும் மொதலாளி, செத்த நேரம்" என்றாய். அவர் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "வச்சுக்கோம்மா" என்று போய்விட்டார்.

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ்ஸில் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உன் தூரத்து மாமா வீட்டுக்கு. வெற்றிலையை மென்றுகொண்டே அவர் கேட்டுக்கொண்டார். "நல்ல சேதியா சொல்லணும்னு பாக்காதீய மாமா, உள்ளதச் சொல்லுங்க" என்றாய்.

"சூடான கடல்தான் அதுக்குச் சோறு. வடக்கேயிருந்து காஞ்ச காத்து உள்ள பூந்துட்டுன்னா சோறு எறங்காது. இந்நேரம் இளைக்க ஆரம்பிச்சிருக்கும்" என்றார். நான் பெருமூச்சு விட்டேன். அவர் விடவில்லை. "ஆனா இளைச்சது காத்துதான். கடல் அடங்க இன்னும் ரெண்டு மூணு நாள் பிடிக்கும். அதுக்குள்ள ஒண்ணும் கேக்காத, நானும் சொல்ல மாட்டேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாய். ஆறுதல் சொன்ன நாங்கள் யாரும் உன்னைத் தூங்கவைக்கவில்லை, உள்ளதைச் சொன்ன ஒருவர் தூங்கவைத்தார். அதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

அண்ணன் வந்து சேர்ந்த அன்று உப்பில் வெடித்த உதட்டோடு உன் வீட்டில் உட்கார்ந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "மொதல்ல காத்தே இல்ல தங்கச்சி. அலை மட்டும் நீளநீளமா வந்துச்சு. காத்தில்லாம அலை வந்தா, எங்கயோ ஒண்ணு பொறந்திருக்குன்னு அர்த்தம். பொறவு பாயை எறக்கிக் கட்டிட்டு, வெங்காய மூட்டையக் கடல்ல தள்ளிட்டு, தண்ணிய எறச்சுகிட்டே கெடந்தோம். பகலா ராவான்னு தெரியல. ஒரு காலைல பாத்தா சும்மா தூறலு, நம்ம ஊருத் தூறலு மாதிரி. அது எப்பச் செத்துச்சுன்னே தெரியல. அலை மட்டும், அது செத்தது தெரியாம வந்துகிட்டே இருந்துச்சு."

நீ கேட்டுக்கொண்டே இருந்து, எழுந்துபோய் அடுப்பில் சோற்றை வைத்தாய். "இனிப் போக வேண்டாம்" என்று சொல்வாய் என்று நான் காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. அவர் மறுபடி போனார். நீ உனக்கென்று ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினாய். அவர் கடலில் இருக்கும் நாட்களில் ஒரு வானிலை அறிக்கையையும் விட்டதில்லை. ஒரிசாப் பக்கம் புயல் என்றால்கூட உன் கை மேஜைமேல் நின்றுவிடும். நாங்கள் உன்னைக் கேலி செய்தோம். கேட்டு என்ன ஆகப்போகிறது, நீ கேட்பது அவருக்குத் தெரியவா போகிறது என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "தெரியாட்டி என்ன?" என்றாய்.

போன வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தபோது கடல் அமைதியாகத்தான் இருந்தது. தாழ்வு நிலையும் இல்லை, மேகமும் இல்லை. அவர் மாலத்தீவில் இருந்தார். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நீ போனாய். உங்கள் வழக்கப்படி அன்றைக்கே அடக்கம். உனக்குப் பிடித்த அந்தத் தீவு மாசிக்கருவாட்டை வாங்கிக்கொண்டு அவர் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, தெருமுனையில் நின்று சொன்னது நான்தான். வேறு யாரும் சொல்ல முன்வரவில்லை.

அதன்பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. நம் கம்பெனியில் காவலுக்கு இருந்தார். பேசவும் மாட்டார், அழவும் மாட்டார். உள்ளூர்ப் பேச்சில் ஒட்டாமல், கேட் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

இப்போது செய்திக்கு வருகிறேன். பழைய தோணிக்காரர் ஆள் விட்டிருந்தார், அண்ணன் மறுபடி போகிறார். நேற்று வேலை முடிந்து வெளியே வந்தபோது என்னை நிறுத்திச் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். அவர் போகாமல் நின்றார்.

"அங்க காத்து மாறும்போதெல்லாம், ரகுமத் இந்நேரம் இதை ரேடியோவுல கேட்டிருப்பாள்னு நெனப்பேன் தங்கச்சி. அம்புட்டுத்தான் எனக்குத் தைரியம். இந்தத் தடவை அது இல்லாமப் போறேன்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது, மதினி. இத்தனை வருஷமும் தெரிந்தே இருந்திருக்கிறது.

"நான் கேக்கேன்ண்ணே" என்றேன். அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீ போன பிறகு அவர் அழுது நான் பார்த்தது நேற்றுத்தான்.

நாளைக் காலை தூத்துக்குடி பஸ் ஏறுகிறார். உன் டிரான்சிஸ்டரை என்னிடம் கொடுத்துவிட்டார். புது பேட்டரி போட்டிருக்கிறேன். கரைக்கு வந்தாலும் வராவிட்டாலும், ரேடியோ அதை மறந்துவிட்டாலும், அவர் வீடு வந்து சேரும்வரை நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ தூங்கு மதினி. இந்தத் தடவை நான் முழித்திருக்கிறேன்.

அண்ணனோடு கூடப் பிறக்காத உன் நாத்தனார்,
செல்வி