அவள் அழுத பக்கங்கள்

குன்னூர்
9-6-2024

அன்புள்ள எல்சா,

நீயும் அம்மாவும் சுகம்தானே? போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாயோ என்று பயந்து எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷத்துப் பயம்.

கல்லூரியில் சார் எனக்குத் தந்த நாவல் நினைவிருக்கிறதா? ஒரு பெண்ணை வீட்டில் பூட்டிவைத்தவன் தானே சொல்லும் கதை. அன்று அதைக் காதல் என்று நம்பி, வரிக்கு வரி கோடு போட்டேன். போன வாரம் பரணிலிருந்து எடுத்து மறுபடி படித்தேன். எல்சா, அவன் படுபாவி! தேனொழுகப் பேசுகிறான், அவளை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. சார் எனக்கு எழுதியதெல்லாம் அதே தேன்தான்.

உன்னிடம் மட்டும் சொன்னதை நீ என் அப்பாவிடம் சொல்லியிராவிட்டால் அன்று சாருடன் மைசூர் போயிருப்பேன். அப்பா வந்து பஸ்ஸிலிருந்து இறக்கினார். நான் நேரே உன் வீட்டு வாசலுக்கு வந்து, உன் அம்மா காதுபட, உன்னைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்றேன். மன்னித்துவிடு. உனக்கு நன்றி சொல்ல இந்த ஜென்மம் போதாது.

ஒரு சந்தேகம். அந்தப் பெண் அழும் இடங்களில் மட்டும் ஓரத்தில் பென்சில் புள்ளிகள். நான் வைத்தவை அல்ல. யார் வைத்திருப்பார்கள்?

உன்
ரேணுகா

கூடலூர்
17-6-2024

ரேணு,

மழையால் பள்ளிக்கு விடுமுறை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

புள்ளிகள் நான் வைத்தவை. உனக்கு முன்னால் அந்தப் புத்தகம் என்னிடம் வந்தது. அதே சார், அதே தேன். அவர் குணம் தெரிந்தபின், திருப்பிக் கொடுக்குமுன் இன்னொரு முறை படித்தேன். அப்போதுதான் அவள் அழுவது கண்ணில் பட்டது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் உன் பையில் அதே அட்டை. உன்னிடம் சொன்னால் பொறாமை என்பாய். அதனால்தான் உங்கள் கடைக்குப் போய் உன் அப்பாவிடம் சொன்னேன்.

யூதாஸ் என்றது வலித்தது. ஆனால் நீ என் வாசலில் நின்று திட்டினாய் என்றால், பஸ்ஸில் இல்லை என்றுதானே அர்த்தம். அந்த நிம்மதி எனக்குப் போதுமாயிருந்தது.

நீ ஏன் வருவதில்லை என்று அம்மா இன்னும் கேட்கிறாள், "ஆ குட்டி எந்தா வராத்தது?"

எல்சா

குன்னூர்
24-6-2024

என் எல்சா,

அன்று நீ கடைக்கு வந்தபோது எப்படி இருந்தாய் என்று அப்பாவிடம் கேட்டேன். "அந்தப் புள்ள அழுதுட்டேதான் சொல்லுச்சு கண்ணு. நீ ஏன் அழுகறேன்னு நானும் கேக்கல பாரு" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

நானும் கேட்கவில்லையே. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உனக்காக ஒரு புள்ளி வைத்தேன்.

ஞாயிறு காலை கூடலூர் வருகிறேன். உனக்கும் அம்மாவுக்கும் வர்க்கி பிஸ்கட் எடுத்துவைத்திருக்கிறார் அப்பா. இந்தத் தடவை பஸ் ஏறப்போவதை அவரிடம் நானே சொல்லிவிட்டேன்.

ரேணு