பதினேழு பட்டைகள்

20.01.2025, திங்கள்

பன்னிரண்டாம் வகுப்புக்கு இரட்டைப் பிளவுச் சோதனை. வழக்கம்போல் ரீடிங்கைப் போர்டில் எழுதிப் போட்டேன்: லேசர் ஒளி பிளவுத் தகடு வழியே போய்ச் சுவரில் விழும் பொலிவுப் பட்டைகள் இருபத்தொன்று. எல்லாப் பிரிவும் சேர்த்து நூற்றெண்பது பிள்ளைகளில் யுவஸ்ரீ ஒருத்திதான் லேசரைப் போட்டு எண்ணியிருக்கிறாள்.

"நாலு தடவ எண்ணிட்டனுங்க சார். பதினேழுதானுங்க வருது."

இருபத்தொன்று வரை எண்ணத் தெரியாதவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு எதற்கு என்று எல்லார் முன்பும் கேட்டேன். வகுப்பே சிரித்தது. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

21.01

நோட்டில் பதினேழை அடித்துவிட்டு இருபத்தொன்று என்று எழுதச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ரெக்கார்டு நோட்டில் நான் கையெழுத்துப் போடாவிட்டால் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. அது தெரிந்தும் இந்தத் திமிர். நாள் முழுக்க வெளியே நிற்க வைத்தேன்.

22.01

மதியம் ஆய்வகம் காலியாக இருந்தது. லேசரைப் போட்டுப் பார்த்தேன். நடுவில் ஒன்று, இரு பக்கமும் எட்டெட்டு.

பதினேழு. சனியன்.

ஜூனில் பழைய பிளவுத் தகடு உடைந்து வேறு வாங்கினோம். நான் எழுதிப் போட்டது பழைய தகட்டின் ரீடிங். ஏழு வருடமாக அதையேதான் எழுதுகிறேன், ஒருவரும் எண்ணியதில்லை. மற்ற நூற்று எழுபத்தொன்பது நோட்டிலும் கையெழுத்துப் போட்டாயிற்று. இப்போது பிரின்சிபாலிடம் போய் நான் முட்டாள் என்று சொல்லவா?

24.01, வெள்ளி

அவள் அப்பா குணசீலனை வரவழைத்தேன். பரமத்தி ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். பெண்ணுக்கு ஒழுக்கம் போதாது என்றேன்.

"ஒருக்கா நீங்களே எண்ணிப் பாத்துருங்க சார். அப்பறம் நீங்க சொல்றபடி செய்யறமுங்க."

எண்ணிவிட்டேன், இருபத்தொன்றுதான் என்றேன். அவர் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னேன்.

என்னைக் கும்பிட்டுவிட்டு மகளை அறைந்தார். அவள் அழவில்லை, என்னையே பார்த்தாள். தெரிந்துவிட்டதோ? தெரிந்தால்தான் என்ன கிழித்துவிடுவாள்?

27.01

அடித்து எழுதி, மன்னிப்புக் கடிதத்தோடு கொண்டுவந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

10.02, திங்கள்

செய்முறைத் தேர்வு. யுவஸ்ரீக்குச் சீட்டில் இரட்டைப் பிளவே விழுந்தது. லேசரை அவள் தொடவே இல்லை. இருபத்தொன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எண்ணிப் பார்த்தாயா என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்.

"இல்லீங்க. எங்க சார் எண்ணிச் சொன்னாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே முழு மதிப்பெண் போட்டார். பிள்ளைகளைப் பணிவாக வளர்த்திருக்கிறீர்கள் என்று எனக்குக் கை கொடுத்தார்.