எங்களுக்கும் சேர்த்துக் கேட்ட உயர்வு

அக்கா,

இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸில் உருளைக்கிழங்கு வைத்த கறிபாப் பொரிக்கும் வாசனை வந்ததும் நின்றுவிட்டேன். நம் பென்ஷன் கூட்டம் என்றால் ஒரு பை நிறைய வாங்கி வருவீர்கள். "பசி வந்தா நம்ம ஆளுங்க சண்டை போடுவாங்க லா" என்று சிரிப்பீர்கள்.

என் கணவர் நீங்கள் வேலை பார்த்த கம்பெனியில் லோரி ஓட்டினார். நீங்கள் அங்கே டெலிபோன் ஆபரேட்டர். அவர் இறந்த பிறகு அவருடைய பென்ஷனில் பாதி எனக்கு வந்தது. கிள்ளானில் வாடகை ஏறியது, அரிசி ஏறியது, அது மட்டும் வருஷக்கணக்காக அப்படியே இருந்தது. கிடைத்ததே போதும் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒரு நாள் நீங்கள் அழைத்தீர்கள். "உங்க வீட்டுக்காரர் குரல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்மா. ரிட்டயரானவங்க எல்லாம் சேர்ந்து விலைவாசிக்குத் தகுந்த மாதிரி பென்ஷனைக் கூட்டச் சொல்லிக் கேக்கப் போறோம். வரீங்களா?" அவர் குரலை நினைவில் வைத்திருக்கும் இன்னொருவர் இருக்கிறாரே என்பதற்காகவே வந்தேன்.

ஷா ஆலம் ஆபீஸ் வாசலில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு எத்தனை முறை வெயிலில் நின்றோம்! கடைசியில் கம்பெனி இறங்கி வந்து எங்களை உள்ளே கூப்பிட்டது. வருஷா வருஷம் விலைவாசியைப் பார்த்துக் கூட்டித் தருவார்களாம். ஆனால் அங்கே வேலை செய்தவர்களுக்கு மட்டும். விதவைகளுக்கு இல்லை. அறையில் எல்லார் முகமும் மலர்ந்தது. நீங்கள் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"இவங்களுக்கு இல்லன்னா எங்களுக்கும் வேணாம், தம்பி" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு எழுந்தீர்கள்.

வெளியே வந்ததும் காப்பார் ஊரிலிருந்து வரும் அண்ணன் வெடித்தார். பழைய ஃபோர்மேன், காசு போதாமல் பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறவர். "வேணாம்னு சொல்ல நீங்க யாரு? உங்களுக்கு மகன் ஆஸ்திரேலியாவுல இருந்து அனுப்புறான். எனக்கு யார் இருக்கா?"

நானும், "வாங்கிக்குங்கக்கா, எங்க விஷயத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். "அப்புறம்னா யாரும் பாக்க மாட்டாங்கம்மா" என்றீர்கள்.

மறுவாரம் என்னையும் கூட்டிக்கொண்டு காப்பார் அண்ணன் வீட்டுக்குப் போனீர்கள். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "உங்களைக் கேக்காம பேசிட்டேன் அண்ணே. அது என் தப்பு. இப்ப கேக்கறேன், இவங்களுக்கும் சேர்த்துக் கேப்போமா? நீங்க வேணாம்னா நான் விட்டுடறேன்" என்றீர்கள்.

தேத்தண்ணி ஆறிப்போனது. மனைவி உள்ளே போன பிறகு அண்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் போயிட்டா இவளும் விதவைதானே. வாங்க, மறுபடியும் போவோம்."

அன்றிரவே மற்ற எல்லாரையும் அழைத்து ஒவ்வொருவராகக் கேட்டீர்கள். இரண்டு பேர் மறுத்து ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களை நீங்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த முறை மேனேஜரிடம் பேசியது காப்பார் அண்ணன்தான். மாதங்கள் இழுத்தடித்து, விதவைகளான எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய உயர்வு இல்லை. ஆனாலும் அது கைக்கு வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் கண்மூடினீர்கள். அதில் எனக்கு ஓர் ஆறுதல்.

வருஷா வருஷம் தருவதாகச் சொன்னவர்களிடம் வருஷா வருஷம் போய்த்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இப்போது போன் பேசுகிற வேலை என்னுடையது. ஒவ்வொருவரையும் கேட்காமல் அவர்கள் பெயரில் நான் எதுவும் பேசுவதில்லை. அதைக் காப்பார் அண்ணன் வீட்டில் உங்களிடம் கற்றேன்.

நேற்று சுங்கை வேயில் ஒருவரை அழைத்தேன். போன மாதம்தான் கணவரை இழந்தவர். "அவர் பென்ஷன்தானே, எனக்கும் கூட்டித் தரச் சொல்லலாமாக்கா?" என்று தயங்கினார்.

"உங்களைக் கேட்டுட்டுப் போகத்தாம்மா கூப்பிட்டேன்" என்றேன்.