வடிக்கக் கொடுக்காத ஒபைதே

ஸஹ்லே,
ஆகஸ்ட் 29

அன்புள்ள நதீம்,

பிப்ரவரியில் ஒன்றுமே இல்லாமல் இருந்த ஒரு வைன் ஆகஸ்டில் எப்படி இப்படி ஆகும்? நேற்று முன்தினத்திலிருந்து இதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை. வைன் செய்வதையே படித்து, அதையே தொழிலாக வைத்திருப்பவள் இப்படி எழுதுவது அழகல்ல. ஆனாலும் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். நீயும் ஆர்மீனியாவில் நலமென்று நம்புகிறேன். வெயில் குறையவில்லை. சிரா திராட்சை சீக்கிரமே பழுத்துவிட்டது. குருவிகள் நமக்கு முன்னால் அறுவடையைத் தொடங்கிவிட்டன. ஜெனரேட்டர் மறுபடி மக்கர் செய்கிறது. உன் அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நடந்தே போய் வந்தார்.

இனி விஷயம். உன் ஒபைதே திராட்சை வைனைப் பற்றி.

கீழறையில் ஓரமாக இருக்கும் சிமெண்ட் தொட்டி. நீ கிளம்புவதற்கு முன் நாம் இருவரும் ருசி பார்த்தோமே, அதே தொட்டி. "இது அரக் சாராயம் வடிக்கத்தான் லாயக்கு" என்று சொன்னேன். நீ கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே போனாய். புளிப்புக் குறைவு, மணம் இல்லை, நிறம் மங்கல். சோதனை எண்களும் அதையேதான் காட்டின. பிப்ரவரியில் நான் சொன்னது பிப்ரவரிக்குச் சரி. அதை இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிறகு நீ ஒரே ஒரு அறுவடைக்கு என்று சொல்லி அங்கே போய்விட்டாய். அரக் வடிக்கும் அபு தன்னூஸிடம் தொட்டி முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். எப்போதும் மார்ச்சில் வருபவர், இந்த வருடம் கொதிகலன் பழுதாகி இத்தனை மாதம் தள்ளிவிட்டார். புது அறுவடைக்குத் தொட்டி காலியாக வேண்டும். நாளைக் காலை அவருடைய டேங்கர் வருகிறது. கொதிகலனுக்குப் போகிற வைனுக்காக யார் மெனக்கெடுவார்கள்? அடி வண்டலைப் பிரிக்கவில்லை, வடிகட்டவில்லை, மூடியைத் திறக்கவும் இல்லை.

நேற்று முன்தினம் அபு தன்னூஸ் போன் செய்தார். "எஞ்சினியரம்மா, ஆல்கஹால் எத்தனை டிகிரி இருக்குன்னு அளந்து சொல்லுங்க. போன வருஷம் ஒரு புண்ணியவான் எனக்குத் தண்ணியவே வித்துட்டான்" என்றார். அளப்பதற்காக ஒரு குடுவை பிடித்தேன். வழக்கம்போல ஒரு வாய் ருசித்தேன்.

துப்பவில்லை, நதீம். துப்ப வேண்டும் என்பதே தோன்றவில்லை. விழுங்கிய பிறகுதான் உறைத்தது. மாணவியாக இருந்த நாளிலிருந்தே வேலை நேரத்தில் நான் ஒரு சொட்டு விழுங்கியதில்லை. நீ அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வாய்.

வறுத்த பாதாம். காய்ந்த ஆப்ரிகாட். தேனடையின் மெழுகு. முடிவில் லேசான உப்பு, அதன் பிறகும் போகாமல் நாக்கிலேயே நிற்கும் ஏதோ ஒன்று. காலிக் கிளாஸை முகர்ந்தாலும் விடவில்லை. ரொட்டி கடித்து, வாய் கொப்பளித்து, மறுபடி பார்த்தேன். அதேதான்.

நன்றாக இருக்க வேண்டுமென்று எனக்கு ஆசை இருந்திருக்கலாம். ஆசையுள்ள நாக்கை நம்ப முடியாது. அதனால் இன்று காலை பஷாராவைக் கூப்பிட்டேன். நம்மோடு படித்தவர்களில் வைன் செய்யாமல், மற்றவர்கள் செய்ததைக் குறை சொல்லியே பிழைப்பவன் அவன் ஒருவன்தானே. ஊரையும் பேரையும் மறந்துவிட்டுக் கிளாஸை மட்டும் பார் என்பான். எது எதுவென்று தெரியாதபடி போத்தல்களைக் காலுறைக்குள் நுழைத்து மூன்று கிளாஸ் ஊற்றினேன். இரண்டில் பிரெஞ்சு வைன், ஒன்றில் உன்னுடையது.

"இந்த ரெண்டும் பரவால்ல. ஆனா இது பெரிய ஆளு. பிரெஞ்சு பர்கண்டிதானே? பத்து வருஷமாவது ஆகியிருக்கும். உனக்கு எவன்டி குடுத்தான்?" என்று கேட்டான்.

ஒபைதே, போன அக்டோபர், கீழறைத் தொட்டி என்றேன்.

"போடி! அரக் திராட்சையா? போன மாசம்தான் அதைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன், அச்சுல வந்தாச்சு!"

கீழே கூட்டிப்போய்த் தொட்டியிலிருந்தே பிடித்துக் கொடுத்தேன். அவனும் துப்பவில்லை. குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டான். "இதையா நாளைக்கு அடுப்புல ஏத்தப் போற? உன்னைப் படிக்க வச்சதே தப்பு" என்றான்.

சும்மா விட்டால் தானாக வரும் என்று நீ சொல்வாய். சும்மா விட்டதில் வினிகர் ஆனவையும் உண்டு. அவற்றைச் சாக்கடையில் ஊற்றியவள் நான். இது வண்டலோடு கிடந்ததாலா, மலைத்தோட்டத்துப் பழம் என்பதாலா, யாரும் தொடாததாலா? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தொட்டி இல்லை. ஒற்றைத் தொட்டியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஒன்று மட்டும் புரிகிறது: பிரான்சில் படித்த கால அட்டவணையை இந்தப் பழத்துக்கும் வைத்துவிட்டோம். அங்கே பிப்ரவரிக்குள் வெள்ளை வைன் முகத்தைக் காட்டிவிடும். அதனால் நானும் பிப்ரவரியில் ருசித்துத் தீர்ப்புச் சொல்லி, போன வருடம் வரை ஒவ்வொரு மார்ச்சிலும் கொதிகலனுக்கு அனுப்பினேன். கோடையில் அது என்ன ஆகும் என்று பார்த்ததே இல்லை!

மலைத்தோட்டத்து ஒபைதே கொடிகளைப் பிடுங்க ஆள் சொல்லியிருந்தேன். வரவேண்டாம் என்று இன்று சொல்லிவிட்டேன். இந்த முறை அறுவடையை மூன்றாகப் பிரிக்கப் போகிறேன். ஒன்று வண்டலோடு, ஒன்று வண்டல் நீக்கி, ஒன்றை யாரும் தொடாமல். அந்த மூன்றாவது என்னால் ஆகாது. தினமும் போய் மூடியைத் திறந்து அளந்துவிடுவேன்.

நாளைக்கு அபு தன்னூஸிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அங்கே மூன்று வருட ஒப்பந்தம் தருகிறார்கள் என்று உன் அம்மா சொன்னார். நல்ல வாய்ப்பு. உன் முடிவில் நான் தலையிட மாட்டேன். அஞ்சாரிலிருந்து நம் தோழி சேதா தன் தங்கை கல்யாணத்துக்கு உன் பக்கம் யெரெவானுக்கு வருகிறாள். அவளிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு போத்தலும் அனுப்புகிறேன். போனில் சொன்னால் நாம் சண்டை போடுவோம். போத்தலோடு உன்னால் சண்டை போட முடியாது. ரொம்பவும் குளிர வைக்காதே. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் குடி. பின்னால் அல்ல.

உன் உடல்நலத்தையும், இரண்டு ஊர்களிலும் மழை அறுவடை தாண்டிப் பெய்வதையும் வேண்டும்,
ஹியாம்

ஆகஸ்ட் 30, மாலை

சேதா இன்னும் வரவில்லை. அதனால் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் மறுபடி ருசித்தேன். மாறவில்லை. தொட்டிக் குழாய்க்குப் பூட்டுப் போட்டேன். டேங்கர் வந்தது. "என்ன எஞ்சினியரம்மா, பூட்டெல்லாம்? நான் என்ன திருடனா?" என்று அபு தன்னூஸ் கத்தினார். இது இல்லை, பதிலாக மேலறையில் மிஞ்சிய சார்டொனே வைனைத் தருகிறேன் என்றேன். "சார்டொனேல அரக்கா! எங்கப்பா கல்லறையிலிருந்து எந்திரிச்சு வந்து என்னை அடிப்பாரு" என்றார். நான் ஒரு கிளாஸ் ஒபைதே ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். கத்தல் நின்றது. கிளாஸை மறுபடி நீட்டினார். பிறகு, முணுமுணுத்துக்கொண்டே டேங்கரை மேலறைப் பக்கம் திருப்பச் சொன்னார்.

சார்டொனே ஏறிக்கொண்டிருந்தபோது, "அந்த ஒபைதேயப் போட்டது யாரு? நீங்க இல்ல. உங்களுக்கு அவ்ளோ பொறுமை கிடையாது" என்றார்.

என் வீட்டுக்காரர் என்றேன்.

"அவரு எங்க?"

சரிபார்க்காத எதையும் நான் சொல்வதில்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும், வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.