தொப்பி என் தலையில், உதை உன் தலையில்

என் உயிர் மச்சான் றமீரோவுக்கு,

உனக்குத் தமிழில் எழுதுகிறேன், ஏசாதே. ஜேர்மன் மொழியில் எழுதினால் வரிக்கொரு பிழை வரும். ஸ்பானிய மொழியில் நீ எனக்குப் படிப்பித்தது கெட்ட வார்த்தைகள் மட்டும்தான். அங்கே யாராவது யாழ்ப்பாணத்துப் பெடியனைப் பிடித்து இதை வாசிக்கச் சொல். நீ போன இடத்தில் எங்கள் ஆட்களுக்குக் குறைவிராது.

உன்னைக் கொன்றவனின் வழக்கில் நாங்கள் வென்றோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வென்றது நிலைக்குமா என்று இப்போது தெரியவில்லை. அதையும் சொல்ல வேண்டும், பொறு.

பக்கத்தில் நின்று வாசிக்கிறவர்களுக்கு நீ யார் என்று தெரியாது. ஜேர்மனியில் ஒரு சின்ன நகரத்தில் சிவம் அண்ணை மெக்சிக்கன் ரெஸ்டோறன்ட் நடத்தினார். முதலாளியும் குசினியில் சமைக்கிறவர்களும் யாழ்ப்பாணம். உண்மையான மெக்சிக்கோக்காரன் நீ ஒருவன்தான். ஆனால் உனக்கு வெள்ளைத் தோல், செம்பட்டை முடி, பச்சைக் கண். உன்னை வாசலில் நிறுத்தினால் சனம் நம்பாது என்று அண்ணை உன்னைக் கோப்பை கழுவ விட்டார். எனக்குக் கறுத்த முகம், தொங்கு மீசை, எனக்கு முன்னால் நடந்து வரும் வயிறு. குடை அளவில் ஒரு தொப்பியை என் தலையில் கவிழ்த்தார்.

"இனி நீதான் மெக்சிக்கோ," என்றார்.

"அண்ணை, நான் கொக்குவில்."

"கொக்குவிலை இஞ்சை ஆருக்கடா தெரியும்? சிரிச்சுக்கொண்டு நில்."

நீ குசினிக் கதவால் எட்டிப் பார்த்தாய். என் வயிற்றைப் பார்த்தாய். "ஐயோ, என்ர நாடு இப்பிடி வீங்கிப்போச்சே," என்றாய். நாங்கள் இரண்டு பேரும் பேசியது ஓட்டை ஜேர்மன்தான். ஆனால் என் காதில் உன் குரல் இப்போது இப்படித்தான் கேட்கிறது.

உங்கள் ஆட்கள் அந்த நாட்டில் அவ்வளவு குறைவு என்று முதலில் நான் நம்பவில்லை. எங்களுக்கு அங்கே கோயில், தேர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. உங்களுக்குச் சுதந்திர தினத்துக்குப் பெரிய நகரத்தில் ஒரு வாடகை மண்டபம், தொண்டை கிழியக் கத்த ஓர் இரவு. அங்கே வந்தவர்களில் பெண்கள்தான் அதிகம், ஜேர்மன்காரனைக் கட்டி வந்தவர்கள். பிறகு படிக்க வந்த பிள்ளைகள். கார்க் கம்பனிக்கு வந்து கொஞ்சக் காலம் இருந்துவிட்டுத் திரும்பிப் போகும் எஞ்சினியர்கள். "பொம்பிளைக்குப் பின்னால வந்து கோப்பை கழுவுறவன் நான் மட்டும்தான்" என்பாய். உன் பெண்சாதி அனெற்றை உன் ஊர்க் கடற்கரையில் கண்டு, பூச்செண்டோடு விமானம் ஏறியவன் நீ. லொறிக்குள் வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து வந்தவன் நான். இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒரே குசினி.

பச்சை மிளகாய், கொத்தமல்லி, தேசிக்காய் வாங்க நீ தமிழ்க் கடைக்குத்தான் வருவாய். கடைக்காரர் உன்னை ஜேர்மன்காரன் என்று நினைத்து, உறைக்கும், உறைக்கும் என்று மறிப்பார். நீ அங்கேயே ஒரு மிளகாயைக் கடித்துக் காட்டுவாய். ட்ராமில், அரசாங்கக் கந்தோரில், எங்கும் வாய் திறக்கும் வரைக்கும் நீ ஜேர்மன்காரரின் ஆள். திறந்ததும் எதிரில் இருக்கிறவனின் முகம் மாறும். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நான் தூரத்தில் வரும்போதே மாறிவிடும்.

உன் மகள் லூசியா பிறந்தபோது, ஞானஸ்நானத்தில் என்னை அவளுக்கு ஞானத்தகப்பன் ஆக்கினாய். நான் சைவக்காரன் என்று கேட்டதும் பாதிரியார் முழுசினார். "பிள்ளையை நான் பிடிக்கிறன், இவன் பக்கத்தில நிக்கட்டும்," என்றாய். உங்கள் வழக்கத்தில் பிள்ளையின் தகப்பனும் ஞானத்தகப்பனும் அன்றிலிருந்து சொந்தம். ஒருவனுக்கு ஒன்று என்றால் மற்றவன் நிற்க வேண்டும். நீ என்னைக் கொம்பாத்ரே என்றாய். எனக்கு வாய்க்கு வந்தது மச்சான்.

பிறகு பிள்ளைகளின் இங்கிலிஷ் படிப்புக்காக நாங்கள் லண்டன் வந்துவிட்டோம். முந்திய வருடம் கோடையில் சிவம் அண்ணை கடையை மூடப்போகிறேன் என்று பழைய ஆட்களைக் கூப்பிட்டார். ஞாயிறு மத்தியானம், நல்ல வெயில். "கடைசியா ஒருக்கா போடடா" என்று அண்ணை தொப்பியை நீட்டினார். போட்டேன். ஆடிக் காட்டினேன். வேர்த்துக்கொட்டி, காற்று வாங்க வாசலுக்கு வந்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். ஒருவன், "மெக்சிக்கோ நாயே, உன்ர ஊருக்குப் போ," என்றான். நான் சிரித்தேன். இத்தனை வருடம் அந்தத் தொப்பிக்குக் கீழே நின்று பழகிய சிரிப்பு. போத்தல் என் முகத்தில் உடைந்தது. காது பாதி கிழிந்து தொங்கியது. விழுந்த என் நெஞ்சில் ஒருவன் முழங்காலைக் குத்தி ஏறி உட்கார்ந்தான். விலா எலும்பு முறிவது எனக்குள்ளேயே கேட்டது.

நீ ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாய். அவர்கள் உன் முடியைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள். உனக்கு இதில் வேலையில்லை, விலகு என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். நீ உள்ளே போய்ப் பொலிசைக் கூப்பிட்டிருக்கலாம். சும்மா நின்றிருந்தாலும் காணும், தப்பியிருப்பாய். ஏன்டா போகவில்லை?

"அவன் சிலோன்காரன். மெக்சிக்கோக்காரன் நான்தான்," என்றாய்.

ஒரு கணம் மூன்று பேரும் முழித்தார்கள். ஏமாற்றிவிட்டாய் என்ற கோபம் அந்த முகங்களில் ஏறியதை நான் கீழே கிடந்து பார்த்தேன். என்னை அடித்தது விளையாட்டு. உன்னை அடித்தது வெறி. வயிற்றில் உதைத்து மடக்கினார்கள். மடங்கிய முகத்தில் உதைத்தார்கள். நீ விழுந்த பிறகு அவர்களில் மொட்டைத்தலையன் ஒருவன் துள்ளி, பூட்ஸோடு இரண்டு காலாலும் உன் தலையில் இறங்கினான். திரும்பவும் துள்ளினான். ஈரத் துணியைக் கல்லில் அறைகிற சத்தம். நான் ஊர்ந்து போய் அவன் கணுக்காலைக் கடித்தேன். கந்தசட்டிக்கு விரதம் பிடிக்கிற வாய்க்குள் மனித இறைச்சி வந்தது. என் முன்பல் அவன் காலோடு போனது. உன் காதாலும் மூக்காலும் இரத்தம் வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு நீ ஒன்றுமே பேசவில்லை.

கோர்ட்டில் அவர்களின் லோயர் என்ன சொன்னான் தெரியுமா? செத்தவர் வெள்ளைத் தோல், பச்சைக் கண், இவரை எப்படி ஒருவன் வெளிநாட்டான் என்று வெறுப்பான்? இது வெறும் குடிகாரச் சண்டை என்றான். வெறுப்பில் செய்த கொலையா, கைகலப்பில் வந்த சாவா, இதுதான் கேள்வி. நீ சொன்ன அந்த வசனத்தில்தான் பதில் இருந்தது. அதைக் கேட்டு உயிரோடு இருக்கிறவன் நான். அடித்த மூன்று பேரும் கேட்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

சாட்சி சொல்லப் போவதற்கு முன் என் மனிசி வசந்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். உன் கொம்மாத்ரே ஆச்சே, அழுதுகொண்டும் ஏசுவாள். "உடைஞ்ச விலா எலும்பு காணாதே? மிச்சத்தையும் குடுக்கவே போறியள்?"

"மிச்சம் கொழுப்புக்குள்ள பத்திரமா இருக்கு, எட்டாது," என்றேன். கோட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

அவர்களின் கூட்டாளிகள் கோர்ட்டில் பின் வரிசை வாங்கில் இருந்தார்கள். நான் சாட்சிக் கூட்டில் ஏறியதும் ஒருவன் பெருவிரலால் தன் கழுத்தை அறுத்துக் காட்டினான். லோயர் எழும்பினான்.

"இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

"அவரின்ர மகளுக்கு நான் ஞானத்தகப்பன்."

"நீங்கள் கிறிஸ்தவரா?"

"இல்லை, பிள்ளையார்." சிலர் சிரித்தார்கள்.

"முகத்தில் இரத்தம், கண்ணை மறைத்துத் தொப்பி. அவர் சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மறைச்சாலும் தொப்பி கண்ணைத்தான் மறைக்கும், காதை இல்லை. ஒரு காதைக் கிழிச்சவை, மற்றதை விட்டிட்டினம்." பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஐயா, அவன் வாயைத் திறக்காமல் நிண்டிருந்தா இண்டைக்கு உயிரோட இருப்பான். வாயைத் திறந்து தான் ஆர் எண்டு சொன்னவன். அதுக்குத்தான் கொன்றவங்கள்."

மொட்டைத்தலையனுக்குக் கொலை என்று தீர்ப்பு. அனெற் என் கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கி இரத்தம் வந்தது. ஆனாலும் உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்கு அது போதவில்லை. இங்கே பார்க்கிங் என்ற ஊரில் சாமான் வான் ஓட்டுகிறேன். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டால் பெட்டி வெட்டுகிற கத்தியில் கை தானாகப் போகிறது. மூட்டைகளுக்கு நடுவே அவன் தலையை எத்தனையோ தரம் மிதித்திருக்கிறேன், மனதுக்குள். தேவாரம் சொல்லிப் பார்த்தேன், மிதிப்பது நிற்கவில்லை. உனக்கு அங்கே கோபம் ஆறிவிட்டதா?

போன கிழமை அனெற் அழைத்தாள். மேல் கோர்ட் அந்தத் தீர்ப்பில் ஓட்டை கண்டுவிட்டதாம். வேறு நீதிபதிகள் முன் முதலிலிருந்து விசாரணை. திரும்பவும் நான் ஏற வேண்டும். அந்த லோயர், அந்த வாங்கு, அந்தப் பெருவிரல். வசந்தி இந்த முறை ஏசவில்லை. என் கோட்டை எடுத்து இஸ்திரிப் பெட்டியால் மினுக்கத் தொடங்கினாள்.

ஆனால் லூசியா உள்ளே வந்து இருக்கப்போகிறாளாம். போன தடவை அவளை வெளியே வைத்திருந்தோம். "அப்பாவுக்கு நடந்ததை நீங்கள் சொல்லிக் கேட்க வேணும்," என்று எனக்கு அழைத்துச் சொன்னாள். ஒவ்வொரு உதையையும் அவள் கேட்பாள் மச்சான். அந்தத் துணிச் சத்தத்தையும் கேட்பாள். குறைத்துச் சொல்லவா? குறைத்தால் லோயர் அந்த இடைவெளிக்குள் கையை விடுவான். குறைக்காவிட்டால், அவள் எப்படி நித்திரை கொள்வாள்? நீ தகப்பன், நீ சொல்லு.

நீ சொல்லமாட்டாய். அதனால் நானே முடிவெடுத்தேன். ஒன்றையும் குறைக்க மாட்டேன். எத்தனை தடவை கூப்பிட்டாலும், எத்தனை பேர் கழுத்தை அறுத்துக் காட்டினாலும், ஏறி நிற்பேன். அடியையும் உதையையும் நீதிபதியைப் பார்த்துச் சொல்லுவேன். நீ கடைசியாகச் சொன்னதை மட்டும், திரும்பி, உன் மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். இது சத்தியம்.

லூசியாவின் ஞானத்தகப்பன்,
உன் கொம்பாத்ரே
குகன்
செவன் கிங்ஸ், லண்டன்