மூச்சுப் பெட்டியும் கிராம்பு டப்பாவும்

நெய்வேலி,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு அம்மா எழுதுவது, நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் சுகம் என்றுதான் போனில் சொன்னாய், ஆனால் உன் குரல் அப்படிச் சொல்லவில்லை. ஸ்வீடனில் பனி கொட்டுகிறது என்றாயே, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா இல்லையா? போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவர் காது பட இதைச் சொன்னால் மனுஷன் கூனிக் குறுகிப் போவார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஊதினால் நெஞ்சு நோயைக் கண்டுபிடிக்கும் என்று நீ செய்து அனுப்பிய மூச்சுப் பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னாய், அனுப்ப மாட்டேன். நெஞ்சு நோய் இருப்பவர் இல்லாதவர் எல்லாருக்கும் உன் சென்சார் ஒரே அளவைத்தான் காட்டுகிறது, இது உதவாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார், ஆராய்ச்சியை விட்டுவிட்டு வேறு வேலை தேடப் போகிறேன் என்று நீ அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்சம் பொறு. உன் பெட்டி மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு முழுக்க உன் அப்பா மேல்.

வியாழக்கிழமை குருமாவுக்குக் கிராம்பு டப்பாவைத் திறந்தால் அடியில் வெறும் தூள். நிறைய வாங்கி வைத்திருந்தேன், எங்கே என்று கேட்டால் அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார். நம் பிளாக்கில் ஐம்பது தாண்டியவர்களை எல்லாம் கூப்பிட்டு உனக்காக ஊத வைத்தாரே, அன்று நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருக்க, இவர் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கிராம்பைக் கொடுத்து, மென்ற பிறகுதான் உள்ளே விட்டிருக்கிறார். கம்மாபுரத்திலிருந்து வந்திருந்த அய்யாசாமி அண்ணனைக் கேட்டேன், "ஆமாங்க, நான் வெத்தல போட்டுகினு வந்துட்டேன், உங்க வீட்டுக்காரருதான் எம்பொண்ணு ஊருல நம்ம வாய மோந்து பாக்கப் போறாங்க, அவளுக்குத்தான் அசிங்கம்னு சொல்லி ரெண்டு கிராம்பு குடுத்தாரு" என்றார். ஊதும் முன் எதுவும் சாப்பிடக் கூடாது என்று நீ படித்துப் படித்துச் சொன்னாயே என்று அப்பாவைக் கேட்டால், கிராம்பு என்ன சாப்பாடா என்கிறார். இப்படியும் ஒரு ஆள் உண்டா சொல்லு! இவரும் மென்றிருக்கிறார். எல்லார் மூச்சிலும் கிராம்பு வாசமே தூக்கலாக இருந்தால் உன் பெட்டி ஒரே அளவைக் காட்டாமல் வேறு என்ன செய்யும்?

கோபத்தில் நன்றாகக் கத்திவிட்டேன், அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு நினைவிருக்கிறதா ப்ரியா, அப்பா முதல் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்து இறங்குவார், புருவமெல்லாம் நிலக்கரித் தூசி, நீ யூனிபார்மைக் கூட மாற்றாமல் குவார்ட்டர்ஸ் கேட்டை மறித்துக்கொண்டு "ஊதுப்பா" என்பாய். அவரும் குனிந்து உன் முகத்தில் ஊதிவிட்டு, "என்னம்மா சொல்ற?" என்று பயந்தவர் மாதிரி நிற்பார். நீ கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டு, "கிராம்பும்மா!" என்று உள்ளே பார்த்துக் கத்துவாய். கிராம்பு என்றால் பீடி பிடித்திருக்கிறார் என்று நம் மூவருக்கும் தெரியும். டாக்டர் சொல்லியும் விடாத பீடியை உன் மூக்குக்குப் பயந்துதான் விட்டார். இன்றைக்கும் ஷிப்ட் சங்கு ஊதினால் என் கண் கேட் பக்கம்தான் போகிறது, அங்கே யாரும் இல்லை. அந்த மூக்கை வைத்துக்கொண்டு நீ இந்த வேலையை விடுவதா? அன்று நீ இங்கே இருந்திருந்தால் வாசலிலேயே பிடித்திருப்பாய்.

நான் கத்திய பிறகு அப்பா, "பொண்ணு மானத்தக் காப்பாத்தப் போயி அவ பொழப்பையே கெடுத்துட்டனே" என்று புலம்பிவிட்டு, நேற்று வீடு வீடாக அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இன்று காலை எல்லாரும் வெறும் வயிற்றில் வந்தார்கள், வாசலில் இந்த முறை நான் நின்றேன். வாயைத் திறக்கவே கூச்சப்பட்டார்கள், பாவம், ஆனாலும் உனக்காக ஊதினார்கள். எல்லாரும் போன பிறகு கடைசியாக அப்பா. "வாசம் நல்லா இருக்காதே ஆதி, பரவால்லியா?" என்றார். அதுதான் அவளுக்கு வேண்டும் என்றேன். குனிந்து ஊதினார், நிமிர்ந்தார், பெட்டியைப் பார்த்து "என்னம்மா சொல்ற?" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றார். பெட்டி என்ன சொல்லும்? நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அளவெல்லாம் இந்நேரம் உன் கம்ப்யூட்டருக்கு வந்திருக்கும். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதைப் பேராசிரியரிடம் காட்டு, அதுவரை வேலையை விடுகிற பேச்சே கூடாது. இந்தக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புகிறேன், காகிதம் தபாலில் வரும். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. மறக்காமல் போன் பண்ணு, ஆனால் எனக்கு வேண்டாம், அப்பாவுக்குப் பண்ணு. கேள்வி கேட்டுவிட்டு நிற்கிறார்.

உன் அம்மா,
ஆதிலட்சுமி