நான் திருப்ப மறந்த படம்

அன்புக்குரிய நஸீரா ராத்தா,

நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய், ஏழு மாதமாகிறது. உங்கள் கதிரையில் இன்னும் யாரையும் உட்கார விடவில்லை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்குக் குவாண்டம் பௌதிகத்தைப் படம் வரைந்தே சொல்லிக்கொடுக்க நாம் இருவரும் போட்ட திட்டத்தை இப்போது நான் தனியாக நடத்துகிறேன். நடத்துகிறேன் என்று சொல்லவே இன்று வாய் கூசுகிறது.

"புள்ளைகளுக்குக் கணக்குல பயமில்ல, அந்த எழுத்துலதான் பயம். படத்தக் குடுங்க" என்பீர்கள். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பெட்டி, துகள் போகும் வழிக்கு ஒரு கோடு. பெட்டிகளின் வரிசை மாறினால் விடையே மாறிவிடும். உங்கள் கொப்பியில் முதல் பெட்டி எப்போதும் வலது ஓரத்தில் இருக்கும். அக்குறணை மத்ரஸாவில் வலமிருந்து இடமாக அரபு ஓதிய பழக்கம் இன்னும் போகவில்லையா என்று கேலி செய்வேன். சமன்பாட்டிலும் வலப்பக்கம் இருப்பதுதானே முதலில் வேலை செய்கிறது என்று சிரிப்பீர்கள்.

பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கட்டுமே என்று உங்கள் படங்களை இடமிருந்து வலமாகத் திருப்பி வரைந்து, பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் திருப்ப மறந்துவிட்டேன். நேற்றைய பரீட்சையில் அதே கணக்கு வந்தது. படத்தை நம்பியவர்கள் எல்லோருக்கும் விடை பிழை. படத்தை ஒதுக்கிவிட்டுச் சமன்பாடு எழுதியவர்களுக்குச் சரி.

ஹந்தானையிலிருந்து வரும் கோகிலா தாளோடு வந்து நின்றாள். "மிஸ், நீங்க குடுத்த மாதிரியே தானே போட்டேன்?" அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை துறைத் தலைவர் வகுப்புக்கு வந்து விடைத்தாள்களைப் பார்ப்பார். பாடம் தொடருமா இல்லையா என்பது அன்றைக்குத் தெரியும். "படம் கீறிப் பாஸ் பண்ணலாமெண்டால் நாங்கள் ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டனாங்கள்?" என்று ஆரம்பத்திலேயே கேட்டவர் அவர். பிள்ளைகளின் கவனக்குறைவு என்று சொல்லிச் சமாளித்துவிடலாமா? அப்படியும் ஒரு நிமிடம் யோசித்தேன், ராத்தா.

பிரதியின் முதல் பக்கத்தில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மரியாதைக்காக நான்தான் போட்டேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழை உங்களுடையது என்றுதானே நினைப்பார்கள்?

அவர் முதல் தாளைக் கையில் எடுக்கும் முன், பிள்ளைகளுக்கு முன்னாலேயே, பிழை என்னுடையது என்று சொல்லிவிடுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அதற்காகப் பாடத்தை நிறுத்தினால் நிறுத்தட்டும். உங்கள் கொப்பியில் ஒரு படம்கூடப் பிழையில்லை.

இப்படிக்கு,
உங்கள் கூடப்பிறவாத தங்கச்சி,
செல்வி